கேத்தல் வைக்கச் சொன்ன சத்தம்

லயத்துல வரிசையா பன்னெண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பன்னெண்டுலயும் டீவி. அன்னிக்கு அந்தி ஆறரைக்கு, அந்தப் பன்னெண்டு கதவு வழியாவும் ஒரே நேரத்துல எங்கக்கா அழுதா.

ஆனா அக்கா எம் பக்கத்துல பாயிலதான் உக்காந்திருந்தா. வாய் மூடியிருந்துச்சு. கையில நான் வாங்கிட்டுப் போன பூந்திப் பொட்டலம். இன்னும் பிரிக்கல.

"யாருடா அது?"ன்னு கேட்டா.

நான் டீவியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அடியில உறுமின கிட்டார் என்னோடது. மேல கேட்ட குரல் அவளோடது. அவ மூச்சு எடுக்கற எடத்துலயெல்லாம் ஒரு சத்தம் வந்துச்சு, 'டக்டக்... டக்'னு. அது யாரோடதுன்னு எனக்கு அந்த நிமிசம் வரைக்கும் தெரியாது.

இருங்க. இத முன்னுக்குப் பின்னா சொன்னா உங்களுக்கும் புரியாது, எனக்கும் நெஞ்சு ஆறாது. மொதல்லருந்து வர்றேன்.

கிட்டார்காரனுக்கு டீவியில என்ன வேலை?

போன வாரம் இந்தப் பத்தியில எங்க ராக் பேண்ட் கதைய எழுதினதுக்கு இரத்தினபுரியிலருந்து ஒரு வாசகர் காயிதம் போட்டிருக்காரு. "றக்வானத் தோட்டத்துப் பிள்ளைன்னு சொல்றீங்க, முடிய வளத்துக்கிட்டு மேடையில கத்தினேன்னும் சொல்றீங்க, அப்புறம் எப்படிங்க டீவி நாடகத்துக்கு மியூசிக்?" நியாயமான கேள்விதான். எங்கம்மா கண்ண மூடற வரைக்கும் இதையேதான் கேட்டாங்க.

ராக் பாட்டுக்குக் கூட்டம் வரும், சோறு வராது. அவ்வளவுதான் விசயம். பேண்டுல நாங்க நாலு பேரு. நான் ஒருத்தன் தமிழ், மத்த மூணும் சிங்களக் கூட்டாளிங்க. ஒருத்தன் கல்யாணம் கட்டி இத்தாலிக்குப் போனான். ஒருத்தன் முடிய வெட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போனான். டிரம்ஸ் அடிச்சவன் டிரம்ஸ வித்துட்டு ஆட்டோ எடுத்தான். நானும் கிட்டாரும் மிச்சம்.

அந்த நேரத்துலதான் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு இருபது செக்கன் வாசிக்கக் கூப்பிட்டாங்க. அதுலருந்து நாடகம், நாடகத்துலருந்து ரெண்டு படம்.

டீவி மியூசிக்னா என்னமோ பெருசா நினைக்காதீங்க. மாமியாரும் மருமகளும் முறைச்சுக்கிட்டு நிப்பாங்க. எழுதினவருக்கு வசனம் கிடைச்சிருக்காது. அந்த ஓட்டைய நான் அடைக்கணும். மேடையில ஆயிரம் பேரக் குதிக்க வச்ச அதே கைதான், இங்க ஒரு மாமியார் கண்ண உருட்டறதுக்கு ஒத்தக் கம்பிய இழுத்துக்கிட்டு உக்காந்திருக்கும். சிரிக்காதீங்க. அதுவும் வேலைதான்.

இந்த வேலையில எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கிச்சு. "ரிகர்சல்தான், சும்மா பாடுங்க"ன்னு சொல்லிட்டு ரெக்கார்டர ஓட விடறது. இப்ப பதியறாங்கன்னு தெரிஞ்சா போதும், மனுசன் குரல் விறைச்சுப் போகும். தெரியாதப்ப வர்றதுதான் தங்கம். பாடகருங்க மொதல்ல வாயில வந்தபடி ஏசுவாங்க, அப்புறம் போட்டுக் காட்டினா கட்டிப் பிடிப்பாங்க. அதனால எனக்கு இது தப்புன்னே படல.

ஒரிஜினல் வேணுமாம்

நிஷாந்தன்னு ஒரு டைரக்டர். நல்ல மனுசன், ஆனா நச்சரிக்கறவரு. அவரு எடுத்தது ஒரு பேய் நாடகம். பழைய பங்களா, சுத்தித் தேயிலை, அந்தி சாஞ்சா பங்களா வாசல்ல ஒரு லயத்துப் பொம்பளயோட ஆவி அழுதுக்கிட்டு நடக்கும்.

"ஏன் நிஷாந்த, எப்பப் பாத்தாலும் எங்க பொம்பளைங்கதான் பேயா வரணுமா? ஒரு தொரையாவது பேயா வரக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"தொரை வந்தா யாரு மச்சங் பயப்படுவா?"ன்னு சிரிச்சாரு. அவருக்கு முகப்பு இசையில ஒரு அழுகை வேணும். நாடகம் தொடங்கறப்போ தினமும் வர்ற அந்த ஒரு நிமிசத்துல கேக்கறவனுக்கு முதுகு சில்லிடணும். "ஒரிஜினல் வேணும். தோட்டத்துல செத்த வீட்டுல அழுவாங்களே, அது."

நான் கிட்டார்ல முயற்சி பண்ணினேன். போத்தல் கழுத்த விரல்ல மாட்டிக்கிட்டு கம்பி மேல இழுத்துப் பாத்தேன். ஆம்ப்ளிஃபயர் முன்னால கிட்டார நிறுத்தி ஊளையிட விட்டேன். நிஷாந்த தலைய ஆட்டிட்டாரு. கொழும்புல நல்லா சங்கீதம் படிச்ச ஒரு பொம்பளப் பிள்ளையக் கூட்டிட்டு வந்து ஒப்பாரி பாட வச்சேன். கோயில்ல தீபாராதனைக்குப் பாடற மாதிரி இருந்துச்சு. பாவம், அது யாரையும் பறி குடுத்ததில்ல போல.

அப்பதான் எனக்கு அக்கா ஞாபகம் வந்துச்சு. வராமலே இருந்திருக்கலாம்.

எல்லார் வீட்டுக்கும் பாடினவ

எங்கக்கா கமலம் வாக்கப்பட்டது அரநாயக்க பக்கத்துல றப்பரும் கொஞ்சம் தேயிலையும் உள்ள ஒரு தோட்டத்துக்கு. கொழும்புலருந்து ரெயில்ல ரம்புக்கனை வந்து, அங்கருந்து ரெண்டு பஸ் மாறி, அப்புறம் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஏறணும். அவ வீட்டுக்காரரு சுப்பையா மச்சான் பால் வெட்டறவரு. விடிய முன்ன மலைக்குப் போயி மரத்துல கத்தி போட்டு, பால் சிரட்டையில நிறைஞ்சதும் வாளியில சேத்து ஸ்டோருக்குக் குடுத்துட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு எறங்குவாரு. அதிகம் பேச மாட்டாரு. நான் தீபாவளிக்குப் போறப்போ, "பாட்டெல்லாம் எப்படி மச்சான்?"னு கேப்பாரு. அதுக்கு மேல ஒரு சொல்லு வராது.

மலை சரிஞ்ச வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு நாள் விடாத மழை. மேல் லயத்து ஆளுங்கள எறக்கிட்டு வந்திடறேன்னு போனவரு மச்சான். அவரு ஏறிப் போன அந்த மலை, லயம், றப்பர் மரம் எல்லாம் சேந்து கீழ வந்துச்சு. தோண்டித் தோண்டி நிறையப் பேர எடுத்தாங்க. மச்சான எடுக்கல.

அக்கா ஒப்பாரியில பேர் போனவ. அந்த வாரம் எடுத்த உடம்புங்கள பள்ளிக்கூடத்துல வரிசையா கிடத்தியிருந்தாங்க. ஒவ்வொரு வீட்டுச் சனத்துக்கும் பக்கத்துல உக்காந்து இவதான் எடுத்துக் குடுத்து அழுதா. தொண்டை கட்டி ரத்தம் வந்துச்சுன்னு சொன்னாங்க. ஆனா தன் வீட்டுக்காரருக்கு ஒரு வரி பாடல. "ஆளக் காட்டு, பாடறேன்"னுட்டா.

அதுக்கப்புறம் வருசம் எத்தனையோ ஓடிருச்சு. கிராம சேவகர் மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து கேட்டு வந்தப்போ, சாயத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பி வச்சா. கீழ புது வீடு தந்தாங்க. போகல. "அவரு வந்தா இங்கதானடா வருவாரு?" நெத்தியில பொட்டு, கழுத்துல தாலி. கதவுக்குப் பின்னால ஆணியில அவரு வாளி. மத்தியானம் ஒரு மணிக்கு ரெண்டு கிளாஸ் கழுவி வைப்பா.

பைத்தியம்னு நினைச்சுராதீங்க. கொழுந்து மலையில மத்த பொம்பளைங்களுக்குக் கணக்குப் பிள்ளைக்கிட்ட சண்டை போட்டுக் குடுக்கறவளே அவதான். இந்த ஒரு விசயத்துல மட்டும் அவ கதவ மூடல.

இப்படிப்பட்டவகிட்டதான் நான் போயி நின்னேன். ஒப்பாரி வேணும்னு.

வாசலுக்கு முதுகு காட்டி

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடா?"

அதுதான் மொதல் பேச்சு. எங்க சனத்துல சாவு விழாத வீட்டுல ஒப்பாரி எடுக்க மாட்டாங்க. ரோட்டுல போற சாவ வான்னு கூப்பிடற மாதிரின்னு சொல்லுவாங்க. அதோட ஒப்பாரின்னா யாரையாவது பாத்து, பேர் சொல்லி, கேள்வி கேட்டுப் பாடறது. "யாரப் பாத்துடா பாடுவேன்? உன்னையா?"ன்னு கேட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

நானும் விடல. தொழில் புத்தி. "பாட வேணாங்க்கா, மெட்ட மட்டும் காட்டு. நான் கிட்டார்ல வாசிச்சுக்கறேன். பேர் வேணாம், வார்த்தை வேணாம்."

அப்புறம் எழும்பி வாசலுக்கு வந்தா. மெட்டு காட்டறதுக்கு அந்த லயத்துல ஒரு முறை வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள உக்காரக் கூடாது. படிக்கு வெளிய, வாசலுக்கு முதுகு காட்டி உக்காரணும். வாயத் திறக்கக் கூடாது, மூக்காலதான் முனகணும். முடிஞ்சதும் வாயக் கொப்பளிச்சுட்டுத்தான் உள்ள போகணும்.

அவ உக்காந்தா. எதிர்ல மலை சரிஞ்ச எடம். இப்ப அங்க மானாப் புல்லு மட்டுந்தான். நான் சட்டைப் பையில கைய விட்டேன். ரெக்கார்டர் பட்டனத் தடவி அமுக்கினேன்.

மூணு நாலு நிமிசம் இருக்கும். காத்து இல்ல, மழை இல்ல. கண்ண மூடிக்கிட்டு முனகினா. நடுவுல நடுவுல நிறுத்தினா. ஒப்பாரியில அந்த எடத்துலதான் மத்த பொம்பளைங்க சேந்து அழுவாங்க. இங்க யாரும் இல்ல. வெறும் அமைதியா இருந்துச்சு. அப்படித்தான் எங்காதுக்குக் கேட்டுச்சு.

ஹெட்போன்

மறுநாள் காலையில கொழும்புல என் அறையில ஹெட்போன மாட்டிக்கிட்டுக் கேட்டேன்.

மொத எடைவெளியில தூரத்துல ஒரு சத்தம். டக்டக்... டக். தண்ணி சொட்டுதுன்னு நினைச்சேன். ரெண்டாவது எடைவெளியிலயும் அதே. கொஞ்சம் பக்கத்துல. மூணாவதுல இன்னும் பக்கத்துல. நாலாவதுல ஹெட்போனக் கழட்டிட்டு திரும்பிப் பாத்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய பகல் வெயிலு, பஸ் ஹோர்ன், மீன்காரன் கத்தறான். எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செடுத்து நின்னுச்சு.

மரங்கொத்தியா? மரமே இல்லாத மலையில என்ன மரங்கொத்தி. சட்டைப் பையில சாவி உரசிச்சா? சாவி அன்னிக்குத் தோள் பையில இருந்துச்சு, ரெக்கார்டரோட இல்ல. யாராவது தூரத்துல சுத்தியல் அடிச்சாங்களா? அப்ப எப்படிங்க அக்கா முனகறப்போ நின்னு, அவ மூச்சு எடுக்கறப்போ மட்டும் கேக்கும்?

அந்த நேரத்துல எனக்கு மச்சான் ஞாபகம் வந்திருக்கணும். வரல. என்ன செஞ்சேன் தெரியுமா? சொல்ல வெக்கமா இருக்கு. கம்ப்யூட்டர்ல தாளத்த ஓட விட்டு அந்தத் தட்டோட பொருத்திப் பாத்தேன். ஒரு மயிரிழை பிசகல. "அட, இதுதான்டா வேணும்"னு தொடையில அடிச்சேன். முனகல அப்படியே எடுத்தேன், தட்டையும் எடுத்தேன், அடியில கிட்டார உறும விட்டேன்.

நிஷாந்த கண்ண மூடிக் கேட்டாரு. "அம்மோ, பயயி மச்சங்! பயமா இருக்கு!"னு மேசையைத் தட்டினாரு. "அந்தத் தட்டற சத்தம் என்ன?"

"தோட்டத்து ஒரிஜினல்"னேன். வாய்க் கொழுப்பு.

அக்காகிட்ட சொல்லல. நாடகம் தொடங்கற நாளன்னிக்கு நேரா போயி, காதுல கேக்க வச்சு, அவ ஏசி முடிச்சதும் பூந்தியப் பிரிச்சுக் குடுத்து சமாளிச்சுரலாம்னு நினைச்சேன். பாடகருங்க எல்லாரும் கடைசியில கட்டிப் பிடிச்சவங்கதானே.

அந்தி ஆறரை

நம்ம பையன் மியூசிக்குன்னு லயமே காத்துக்கிட்டு இருந்துச்சு. சிங்கள நாடகந்தான், ஆனா அங்க எல்லாரும் பாக்கறது அதுதான். ஆறரைக்கு எல்லா டீவியும் ஒரே சேனல். மிச்சத்த மொதல்லயே சொல்லிட்டேன்.

"யாருடா அது?"ன்னு கேட்ட அக்கா, அடுத்த மூச்சுலயே கண்டுபிடிச்சுட்டா. என்னத் திரும்பிப் பாத்தா. அப்படி ஒரு பார்வைய நான் அவகிட்டப் பாத்ததில்ல. ஏசப் போறா, நல்லா வாங்கிக் கட்டிக்குவோம்னு நானும் குனிஞ்சுக்கிட்டேன்.

அப்ப அந்தத் தட்டு வந்துச்சு. டக்டக்... டக்.

அக்கா பொட்டலத்தக் கீழ வச்சுட்டு எழும்பினா. விறுவிறுன்னு குசினிக்குப் போனா. அடுப்ப ஊதினா. கேத்தல்ல தண்ணி ஊத்தி அடுப்புல ஏத்தினா. கை தன் பாட்டுல வேலை செஞ்சுச்சு. ஒரு கிளாஸ எடுத்துச் சீனி போட்டா. கரண்டி கிளாஸுக்குள்ள அப்படியே நின்னுருச்சு.

நான் குசினி வாசல்ல போயி நின்னேன். "அக்கா..."

"ரெண்டு சேத்து, ஒண்ணு தள்ளி"ன்னா. "மலை எறங்கறப்போ வெறும் வாளியில சிரட்டையால தட்டுவாருடா. எனக்கு மட்டுந்தான் தெரியும். அது கேட்டாத்தான் நான் கேத்தல் வைப்பேன். அவரு வந்து சேர தண்ணி கொதிச்சிருக்கும்."

கதவுக்குப் பின்னாலயிருந்த வாளியப் பாத்தேன். உள்ளுக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு, தூசி கலையாம.

"எங்கருந்துடா எடுத்த?"

"அன்னிக்கு நீ முனகினப்போ பதிஞ்சேன்க்கா. உனக்குச் சொல்லாம. காதுக்குக் கேக்கல, ஆனா ரெக்கார்டர்ல நீ நிறுத்தற எடத்துலயெல்லாம் அது இருந்துச்சு. சத்தியமா நான் போடலக்கா. எனக்குத் தெரியாது."

அவ தலைய ஆட்டினா. கோபமே இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

"உசுரோட இருக்கற மனுசன் ஒப்பாரிக்குப் பதில் சொல்ல மாட்டான்டா தம்பி"ன்னா. "உசுரோட இருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு."

வெளிய ஆளுங்க சத்தம். பன்னெண்டு காம்பராவுலருந்தும் ஒப்பாரி கேட்டா பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? அதுவும் கமலத்தோட குரல். டீவியில நாடகம் ஓடிக்கிட்டே இருக்கு, யாரும் பாக்கல. ஒவ்வொருத்தரா முந்தானைய வாயில பொத்திக்கிட்டு இஸ்தோப்புல, லயத்து வராந்தாவுல வந்து நின்னாங்க. பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்காதான் கேட்டாங்க, "என்னாடி கமலம், யாருக்கு?"

"எங்க வீட்டுக்கு"ன்னா அக்கா.

இத்தனை வருசமா சொல்லாதத அவ்வளவு சின்னச் சொல்லுல சொல்லிட்டா. ராக்காயி அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

அக்கா வாசல் படிக்கு வந்தா. இந்தத் தடவை வீட்டுக்கு முதுகு காட்டல. வீட்டைப் பாத்து உக்காந்தா. தலைமுடிய அவுத்து விட்டா. பொம்பளைங்க சுத்தி உக்காந்து தோள் மேல கை போட்டாங்க. வாயத் திறந்தா.

"மழ நின்னு நாளாச்சே - ராசா
மல எறங்கி வல்லையே
கொதிச்ச தண்ணி ஆறிருச்சே - சுப்பையா
குடிக்க நீயும் வல்லையே..."

பேர் சொல்லி அழுதா. இத்தனை வருசம் உள்ளுக்குள்ள வச்சிருந்த எல்லாத்தையும் கேட்டு அழுதா. ஊரான் பிள்ளைய எறக்கப் போனியே, எனக்குன்னு ஒரு பிள்ளைய ஏன் தராமப் போனன்னு கேட்டா. எம் பொட்டுக்கு என்ன பதில் சொல்லுவன்னு கேட்டா. நான் மூலையில உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஒரு தரம் என் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. ரெக்கார்டர் விரல்ல தட்டுப்பட்டுச்சு. சீ, நீயெல்லாம் மனுசனான்னு என்னையே ஏசிக்கிட்டு கைய வெளிய எடுத்தேன். இது ஒண்ணையாவது திருடாம விடுவோம்னு நினைச்சேன். அந்த நேரத்துல அது எனக்குப் பெரிய நல்ல காரியம் மாதிரி தெரிஞ்சுச்சு.

அவ மூச்சு எடுத்த எடத்துலயெல்லாம் பொம்பளைங்க சேந்து அழுதாங்க. அதுக்கு நடுவுல வேற என்ன சத்தம் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

எல்லாம் அடங்கின பிறகு ராக்காயி அக்கா தண்ணி கொண்டு வந்து அவ முகத்தக் கழுவி விட்டாங்க. நெத்தி வெறுமையா இருந்துச்சு. அக்கா என்னப் பக்கத்துல கூப்பிட்டா. குரல் சுத்தமா போயிருந்துச்சு.

"பதிஞ்சியாடா?"

"இல்லக்கா. அம்மா மேல சத்தியமா இல்ல." ரெக்கார்டர எடுத்து அவ கையிலயே குடுத்தேன்.

அவ அதத் திருப்பித் திருப்பிப் பாத்தா. காதுல வச்சுப் பாத்தா. அப்புறம் எங்கையில வச்சுட்டு கேட்டா.

"அன்னிக்கு நான் வேணாம்னப்போ பதிஞ்ச. இன்னிக்கு ஏன்டா பதியல? இவ்வளவு கேள்வி கேட்டிருக்கேனே, அவரு என்ன சொன்னாருன்னு நான் எதுலடா கேப்பேன்?"

குசினியில கேத்தல் தண்ணி வத்தி, அடி கருகற வாசம் வந்துச்சு. நான் போயி எறக்கி வச்சேன்.